தலைகீழ் ராணி

சதுரங்கப் பலகையில் வெள்ளைக் குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாய்க்கு ஒரே ஆசைதான். ஆட்டம் முடிவதற்குள் ஒருமுறையாவது திரும்பி வந்து குதிரையின் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சிப்பாய்க்கு ஏது திரும்பும் வழி? முன்னால் மட்டும்தான் கால் போகும். கிளம்பும்போது குதிரைதான் தைரியம் சொன்னது: "கடைசி வரிசையைத் தொட்டுட்டா உன்னை ராணி ஆக்கிடுவாங்க. ராணி எந்தப் பக்கமும் போகலாம். நேரா இங்க வந்துடு."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சிப்பாய் நடந்தது.

ஆடிக்கொண்டிருந்தவர் எதிராளியிடம் அலுத்துக்கொண்டார்: "ஆபீஸ்ல நான் வெறும் சிப்பாய்ங்க. அவங்க நகர்த்துற இடத்துல போய் நிக்கணும்."

'நகர்த்தட்டுமே' என்று நினைத்தது சிப்பாய். 'நான் போவது என் காரியத்துக்கு.'

பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். "குதிரை, இருக்கியா?" தூரம் அதிகம், கேட்டிருக்காது என்று தன்னையே தேற்றிக்கொண்டு நடந்தது.

கடைசி வரிசையும் வந்தது. பழைய ராணி இன்னும் வெட்டுப்படவில்லை; வேறு ராணி கிடையாது. ஆடியவர், வெட்டுப்பட்டுப் பெட்டியில் கிடந்த யானையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, "இதுதான் ராணி" என்று அந்தக் கட்டத்தில் வைத்தார். சிப்பாயைத் தூக்கிப் பெட்டியில் போட்டார்.

யானை கிடந்த இடத்தில் போய் விழுந்தது சிப்பாய். பக்கத்தில் யாரோ புரண்டு படுத்தார்கள்.

"வந்துட்டியா?" என்றது குதிரை. "ராணி ஆயிட்டியா?"

"மேல ஆயிட்டேனாம்" என்றது சிப்பாய். "கொஞ்சம் தள்ளிப் படு."