பெட்டிக்குள் ஒரு திட்டு

"காப்பகத்துக்குத் திருடத்தான் சார் வருவாங்க. இங்க என்னடான்னா ஆளாளுக்கு உள்ள வைக்க வர்றீங்க!"

ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர் அம்மாள் மூச்சு வாங்கினார். மறைந்த பெண் எழுத்தாளர் ஒருவரின் கடிதப் பெட்டிக்குள் ஒரு காகிதத்தைச் செருகும்போது, அந்தப் பெரியவர் கையும் களவுமாக மாட்டியிருந்தார்.

"போன வாரம் ஒரு கவிஞர். 'உங்கள் கவிதையைப் படித்தேன், தூக்கம் போச்சு'ன்னு அந்தம்மா எழுதின மாதிரி தானே எழுதிக் கொண்டாந்தார். முந்தாநாள் அவங்க கூடப்பிறந்த தம்பி. 'என் தம்பி தங்கக் கட்டி'யாம்! நீங்க என்ன பட்டம் குடுத்துக்கிட்டீங்க, பார்ப்போம்."

காகிதத்தைப் பிரித்துச் சத்தமாகவே படித்தார்.

'இந்த மனுஷனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. சொன்னதைச் செய்வார். சொல்லாவிட்டால் தூண் மாதிரி நிற்பார். குடையோடு அனுப்பினால் நனைந்துகொண்டு வருவார்.'

"யாரைப் பத்தி இது?"

"என்னைப் பத்திதாம்மா."

பொறுப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "உங்களை நீங்களே திட்டிக்கிட்டீங்களா?"

"திட்டுதாம்மா வேணும்! இந்தப் பெட்டியில தம்பிக்குத் திட்டு இருக்கு. பதிப்பாளரை நார் நாராக் கிழிச்சிருக்கு. பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட விட்டு வைக்கலை. எனக்கு மட்டும் ஒரு வரி இல்ல. நாளைக்கு இதையெல்லாம் படிக்கிறவங்களுக்கு, நான்னு ஒருத்தன் இருந்ததே தெரியாதே!"

பொறுப்பாளருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கடமை இருக்கிறதே! பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தார். அதே சுழிப்பு, அதே சாய்வு.

"அச்சு அசல் அவங்க கையெழுத்து! இதுக்கு எத்தனை நாள் பழகினீங்க? கள்ளக் கையெழுத்துன்னு போலீஸுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா?"

"கள்ளக் கையெழுத்து இல்லம்மா. அவ கிறுக்கினா அவளுக்கே புரியாது. இந்தப் பெட்டியில இருக்கிறது அத்தனையும் அவ சொல்லச் சொல்ல நான் எழுதினது" என்றார் பெரியவர். "கட்டின புருஷனைத் திட்டி, அதை அவன் கையாலயே எழுதச் சொல்ல அவளுக்கு எப்படி மனசு வரும், பாவம்!"