நெய்மீன் குழம்பு வைக்கும் நாள்

செல்லையனுக்குத் தலைவலி. பாறசாலையில் அவர் நடத்தும் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லத்தைப் பற்றி மறுபடியும் யாரோ போனில் புகார் சொல்லிவிட, அதிகாரி வருகிறார்.

வழக்கம்போல் புது விரிப்புகள் அலமாரியை விட்டு வெளியே வந்தன. அன்றாடக் கஞ்சிக்குப் பதில் நெய்மீன் குழம்பு கொதித்தது. புகார் சொல்ல வேண்டிய நம்பர் எழுதிய பலகையை, அந்த இல்லத்துவாசிகளில் ஒருவனான பினு பளபளவென்று துடைத்துவைத்தான்.

"சாப்பாடெல்லாம் எப்படி?" என்று அதிகாரி ஸ்ரீகலா கேட்டார்.

"இங்க நல்ல சுகமாக்கும் மேடம்," என்றான் பினு, சொல்லிக்கொடுத்தபடியே.

கார் போனதும் செல்லையன் அவனைத் தட்டிக்கொடுத்தார். "நீ ஒருத்தன்தாம்லே எனக்க ஆளு. அந்தப் புகார் சொன்னவன் மட்டும் கையில கிட்டட்டும்."

பினு தட்டை வழித்து நக்கினான். "நல்ல மீனு சாரே. நாளைக்கும் போன்ல விளிச்சு மேடத்த வரச் சொல்லட்டா?"