கர்ஜனை நாயகனின் நன்னெறித் தாள்

"அந்த முடியைக் கொஞ்சம் கழட்டுங்க" என்றார் ஃபாதர்.

கர்ஜனை நாயகன் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் சிலுவை, அதற்குக் கீழே கடிகாரம். கேமரா எதுவும் இல்லை. ரசிகர்கள் கண்ணில் படக்கூடாதென்று, பல்கலைக்கழக நூலகத்தின் மாடியில் அவருக்கென்றே ஒதுக்கிய தேர்வறை அது. தலையில் இருந்ததைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அது பூனைக்குட்டி போல் சுருண்டுகொண்டது.

ஃபாதர் ஹால் டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்தார். "இந்த ஃபோட்டோவுல முடி இருக்கே?"

"அது இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தின ஃபோட்டோ, ஃபாதர். சொந்த முடி."

"அப்ப இது?"

"இதுவும் சொந்தம்தான். வாங்கினது."

ஃபாதர் சிரிக்கவில்லை. தொந்தியும் வெள்ளை அங்கியுமாக நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்த அவர்தான் அங்கே தேர்வுகளுக்கு அதிகாரி. ஆள்மாறாட்டத்தைப் பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர்.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்களுக்கு டூப் மட்டும் நாலு பேர்னு கேள்வி. வந்திருக்கறது நீங்கதான்னு எனக்குத் தெரியணும். எங்க, ஒரு வசனம் சொல்லுங்க."

நாயகன் எழுந்து நெஞ்சை நிமிர்த்தினார். "டேய்! நான் நிக்கற இடத்துல புல்லுகூட என்னைக் கேட்டுட்டுதான்டா முளைக்கும்!"

திரையில் இடியாக விழும் வசனம், அந்த அறையில் துருப்பிடித்த கேட்டைத் திறந்ததுபோல் கேட்டது.

"குரல் இது இல்லையே?"

"குரல் குடுக்கறவர் வேற, ஃபாதர்."

"சண்டை?"

"அதுக்கும் வேற ஆள்."

"டான்ஸ்?"

"இடுப்புக்கு மேல நான்தான்."

"சரி, கொஞ்சம் அழுது காட்டுங்க."

நாயகன் அழுதார். ஃபாதர் அரை நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போதும் போதும் என்று கையைக் காட்டினார்.

"நீங்களேதான். இந்த மாதிரி நடிக்க டூப்புக்கெல்லாம் வராது." ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டார். "உட்காருங்க. மணியடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

கீழே, முதன்மைக் கட்டடத்தின் நடைபாதையில், 'இங்கே படித்துப் புகழ்பெற்ற கலைஞர்கள்' என்று வரிசையாகப் பதினோரு படங்கள் மாட்டியிருந்தன. இரண்டு பாடகிகள், ஒரு மேஜிக் நிபுணர், மூன்று சிரிப்பு நடிகர்கள், நாயகனிடம் படத்துக்குப் படம் உதை வாங்கும் வில்லன்கூட உண்டு. நாயகன் மட்டும் இல்லை. பட்டம் வாங்கியவர்களுக்கே சுவரில் ஆணி என்பது நிர்வாகத்தின் விதி. நாற்பது படங்களில் ஊரையே திருத்திய நாயகனுக்கு நன்னெறித் தாள் மட்டும் இன்னும் அரியர். பழைய மாணவர்களுக்கு இந்த ஒரு முறைதான் சிறப்பு வாய்ப்பு. விட்டால் அவ்வளவுதான்.

"என் பொண்ணு இங்கதான் சேர்ந்திருக்கா, ஃபாதர். 'எல்லார் படமும் இருக்கு, உங்க படம் எங்கப்பா'ன்னு கேட்டா. பெயிண்ட் அடிக்கக் கழட்டியிருப்பாங்கம்மான்னு சொல்லிட்டேன்."

"நம்பினாளா?"

"ரெண்டு மாசமா தினம் போய்ப் பார்க்கறா. 'இன்னுமாப்பா காயலை?'ங்கறா. இதுலயும் கோட்டை விட்டா அவ மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

நாயகன் குரலைத் தாழ்த்தினார். "ஃபாதர், பாவமன்னிப்பு மாதிரி ஒண்ணு சொல்லட்டுமா? வெளியே போகாதே?"

"போகாது. சொல்லுங்க."

"அன்னைக்கு இந்தப் பரீட்சையை நான் எழுதவே இல்லை. அன்னைக்குத்தான் என் முதல் ஷூட்டிங். எங்க மாமா ஹாஸ்டல்ல ஒரு ஒல்லிக்குச்சிப் பையனைப் பிடிச்சு, என் பேர்ல உட்கார வெச்சுட்டார். அவன் யாரு, எந்த டிபார்ட்மெண்ட்டு, எதுவும் எனக்குத் தெரியாது. எழுதினா என் முதல் படத்துக்கு ரெண்டு டிக்கெட்னு பேச்சு."

"அப்புறம்?"

"அந்தப் புண்ணியவான் என்னை ஃபெயிலாக்கிட்டான்! கணக்குல ஃபெயிலாகலாம், இங்கிலீஷ்ல ஃபெயிலாகலாம். நன்னெறியில எவனாவது ஃபெயிலாவானா? அவனெல்லாம் எங்க உருப்பட்டிருக்கப் போறான்!"

"டிக்கெட் குடுத்தீங்களா?"

"ஃபெயிலாக்கினவனுக்கு என்ன டிக்கெட்?"

"நல்லதுதான் பண்ணீங்க. அந்தப் படத்தை நான் டிவியில பார்த்தேன்."

மணி அடித்தது. ஃபாதர் வினாத்தாளை நீட்டினார்.

நாயகன் பேனாவைக் கடித்தார், மோட்டுவளையைப் பார்த்தார், பழக்கதோஷத்தில் ஒரு முறை, யாராவது 'கட்' சொல்வார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை. பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார். 'நீங்கள் சொன்ன ஒரு பொய்யும் அதன் விளைவும்' என்ற கேள்விக்கு மட்டும் இரண்டு தாள்கள் கூடுதலாகக் கேட்டு வாங்கினார். வேறு ஆள் வைக்காமல் அவர் முழுதாக முடித்த முதல் வேலை என்பதாலோ என்னவோ, மூன்று மணி நேரம் முடிந்தபோது முகத்தில் மேக்கப் இல்லாமலே ஒரு களை இருந்தது.

ஃபாதர் விடைத்தாளை நின்றபடியே புரட்டினார். கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"தேறிடுவேனா, ஃபாதர்?"

"தாராளமா" என்றார் ஃபாதர், தாள்களை நூலால் கட்டியபடி. "அன்னைக்கு உங்க பேர்ல நான் எழுதினதைவிட இது எவ்வளவோ தேவலை."