முப்பத்தையாயிரம் அடி

“வடிவாப் பாரும் பூரணம். இப்ப முப்பத்தையாயிரம் அடியிலை நிக்கிறம். என்ன நடக்குது?”

“உங்கடை தேத்தண்ணி ஆறுது,” என்றாள் மனைவி.

பஞ்சலிங்கம் கணினித் திரையை விட்டுத் திரும்பி, மகள் சாருஜாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மானிப்பாயில் தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர். இரண்டு வருடமாக, கணினியில் விமானம் ஓட்டுவதுதான் அவருக்கு உத்தியோகம்.

சாருஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றில் ஐந்து மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் வேண்டுமென்று, கூட்டிப் போகவே லண்டனிலிருந்து வந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் விசாவும் கிடைத்துவிட்டது. அம்மாதான் அசைகிறாள் இல்லை. பயமாம்.

அந்தப் பயத்தின் கதை ஊருக்கே தெரியும். சிதம்பரம் போகவென்று பலாலியில் விமானம் ஏறி, அது ஓடத் தொடங்க முதலே பூரணம் கத்திக் குழறி, புருசனையும் இழுத்துக்கொண்டு இறங்கி வந்த கதை. கோயில் வீதியில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்க ஆளிருக்கிறது.

“மேலை போகப் போகக் காத்து மெல்லிசு,” பஞ்சலிங்கம் விடவில்லை. “எஞ்சினுக்குள்ளை போற காத்துக் குறைஞ்சால் தள்ளுற பலமும் குறையும். நிலத்திலை இருந்த பலத்திலை கால்வாசிதான் இப்ப மிச்சம். உந்த முள்ளைப் பாரும்.”

“ஐயோ, கால்வாசியோ! விழுந்திடாதே?” பூரணம் வெங்காயம் உரித்தபடியே கேட்டாள்.

“அதைத்தானே சொல்ல வாறன்! பிளேனை மறிக்கிற காத்தும் மெல்லிசுதானே. கொஞ்சப் பலமே போதும். எண்ணெயும் மிச்சம். இதிலை பயப்பிட என்ன கிடக்கு?”

“அப்பா, நிலத்திலை இருந்து எழும்பிறதைக் காட்டுங்கோவன்,” என்றாள் சாருஜா. “அம்மாவுக்கு அதுதானே பயம்.”

“அது... அது சின்ன விசயம் பிள்ளை. நான் எப்பவும் மேலை வைச்சுத்தான் தொடங்கிறனான். இதிலை அப்பிடி ஒரு வசதி இருக்கு.”

சாருஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. “சரி, அம்மா வராட்டி விடுங்கோ. நீங்கள் மட்டும் வாங்கோ.”

பஞ்சலிங்கத்தின் கை தவறி எதிலோ பட்டது. திரையில் இரண்டு எஞ்சினும் ஓய்ந்தன.

“அவர் என்னெண்டு வாறது?” பூரணம் கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். “இந்த வீட்டிலை தனிய இருக்க எனக்குப் பயம்.”

“பாத்தியோ பிள்ளை? உந்த மனுசியாலை நானும் போகேலாமக் கிடக்கு.”

“உங்களுக்கு என்னை விட உங்கடை பயம்தான் பெரிசு அம்மா.” சாருஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. அறைக்குள் போய், முகம் துடைக்கத் துவாய் தேடி அலுமாரியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு பயணப் பெட்டி. பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்க வறுத்து இடித்த சரக்குத்தூள், குழந்தைக்குப் பருத்தித் துணிகள், அம்மாவின் கம்பளிச் சட்டை. எல்லாம் அடுக்கி ஆயத்தமாக இருந்தது.

“அம்மா, இதென்ன?”

பின்னாலேயே வந்த பூரணம் கதவைச் சாத்தினாள். “மெல்லக் கதை. அண்டைக்குப் பலாலியிலை குழறினது நானில்லை. எஞ்சின் இரைஞ்ச உடனை உன்ரை அப்பாதான் பெல்ட்டைக் கழட்டிப்போட்டுக் கதவடிக்கு ஓடினவர். வெளியிலை வந்து அழுதார். சனம் சிரிக்குமெண்டு, நான்தான் பயந்ததெண்டு சொல்லிப்போட்டன்.”

“அப்ப நீங்கள் தனிய வாங்கோவன்!”

“நான் வெளிக்கிட்டால் அவரின்ரை குட்டு உடைஞ்சிடுமே. பாவம், ரெண்டு வருசமாப் பழகிறார். இன்னும் நிலத்தை விட்டு எழும்பேல்லை. அவருக்குப் பயம் தெளியிற அண்டைக்கு எனக்கும் தெளிஞ்சிடும் பிள்ளை.”

சாருஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

“அப்பா, இஞ்சை வரேக்கை பிளேன் எழும்ப எனக்கும் நெஞ்சு இடிச்சது. திரும்பிப் போகப் பயமாக் கிடக்கு. அந்த எழும்பிறதை எனக்கு ஒருக்கால் காட்டுவியளே?”

பஞ்சலிங்கம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு விமானத்தை ஓடுபாதையில் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சின் இரையத் தொடங்கியது. அவருடைய இடது கை மகளின் கையை இறுகப் பிடித்திருந்தது.

“பயப்பிடாதை பிள்ளை,” என்றார். “உது தாய்வழியிலை வந்த பயம்.”