மேடைக்கு மண் எடுத்த குழி

காடு முன்னேறிவிட்டது என்று காட்ட யானைத் தலைவர் விழாவுக்கு ஏற்பாடு செய்தார். மேடைக்காகப் பக்கத்திலேயே மண் எடுத்த குழிகளில் மழைநீர் தேங்கியது. கொஞ்ச நாளில் குட்டிகளுக்கெல்லாம் குளிர்காய்ச்சல் வந்தது.

குழிநீரை ஆராய்ந்த கீரி தலைவரிடம் போனது. "ஐயா, இந்தத் தண்ணீரில் வளரும் கொசுதான் காய்ச்சலைப் பரப்புகிறது. குழிகளை மூடினால் போதும்."

"அயல்காட்டு விருந்தினர்கள் வருகிற நேரத்தில் காய்ச்சல், கொசு என்று பேசாதே," என்றார் தலைவர். "விழா முடியட்டும். உன் ஆராய்ச்சிக்கு விருது தருகிறேன்."

"விருது வேண்டாம் ஐயா. மண் வேண்டும்."

காவல் நாய்கள் கீரியை வெளியே தள்ளின.

விழா நாள் காலையில் புள்ளிமானின் குட்டி இறந்துபோனது. மான் அழவில்லை. கீரியிடம் வந்து, "எந்தக் குழி?" என்று மட்டும் கேட்டது. கீரி காட்டியது. மான் நேராக மேடைக்குப் போய், அதன் மண்ணைக் குளம்பால் பறித்துக் குழிக்குள் தள்ளத் தொடங்கியது. குட்டிகளைப் பறிகொடுத்த முயலும் பன்றியும் சேர்ந்துகொண்டன.

மேடைமேல் நின்று வளர்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தலைவரின் காலடி சரிந்தது. "மேடையையா இடிக்கிறீர்கள்?" என்று அவர் பிளிறினார்.

மான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குழியை மூடுகிறோம்," என்றது.