மூன்று பூச்சு நீலம்

துறையில் கட்டிக் கிடக்கும் பழைய விசைப்படகின் மேல் மாலை வெயில் வழுக்கி ஓடுகிறது. அக்கா பார்த்துப் பார்த்து மூன்று பூச்சு அடித்த நீலம். படகு புதுசாக மினுங்குகிறது; எஞ்சின்தான் முரண்டு பிடிக்கிறது. தம்பி சாவியைத் திருகுகிறான். உறுமுகிறது. இரண்டே நிமிடம், பிறகு திணறி, இருமி, அடங்கிப்போகிறது. "பிளக் மாத்தியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு, பம்ப்பும் மாத்தியாச்சு. இனி என்னையத்தான் மாத்தணும்." ஸ்பேனரைத் தொப்பென்று போடுகிறான். "காலையில பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிட்டுப் போகட்டும்." "பெட்ரோல் இருக்காடா?" "நிறைய இருக்குக்கா." நம்பாமல் அவள் டேங்க் மூடியைத் திருகுகிறாள். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்கிறது. "டேய், இப்ப ஸ்டார்ட் பண்ணு." மூடி திறந்திருக்க எஞ்சின் ஓடுகிறது, மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். தம்பி வாயைப் பிளக்கிறான். "டேங்குக்குக் காத்து போற ஓட்டை வெளியில அடைச்சிருக்குக்கா!" அவள் முகம் மாறுகிறது. படகின் விளிம்புக்குக் கீழே, நீலத்துக்கு அடியில், மிளகளவு மேடு. ஏதோ பழைய துரு என்று எண்ணி, அதன்மேல் கூடுதலாக ஒரு இழுப்பு இழுத்தவள் அவள்தான். கொண்டை ஊசியை உருவிக் குத்துகிறாள். நீலம் செதிலாகப் பெயர்ந்து தண்ணீரில் விழுகிறது. மூடியை இறுக்குகிறாள். எஞ்சின் நிற்கவில்லை. தம்பி அந்தத் துளையைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான். "ஒரு மாசமா..." என்று ஆரம்பிக்கிறான். "ஒரு மாசமா எல்லாத்தையும் கழட்டிப் பார்த்தல்ல?" என்கிறாள் அக்கா, சுக்கானைப் பிடித்தபடி. "இப்ப அந்தக் கயித்தக் கழட்டு."