அந்தோனியாரின் சில்லுகள்

அவர் முழந்தாளிட்டிருந்தார்.

செபத்துக்காக அல்ல. திருகாணிக்காக.

புனித அந்தோனியாரின் சொரூபம் நின்ற மரப்பீடத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு சக்கரச் சில்லுகள். ஒவ்வொரு சில்லையும் இரண்டு திருகாணிகள் பிடித்திருந்தன. பதினெட்டு வருடங்களுக்கு முன்பு பூட்டியவரும் அவரேதான். அவர் வேலை செய்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எறியவிருந்த தள்ளுவண்டியிலிருந்து கேட்டு வாங்கியவை. தன் வாழ்நாளின் ஒரே பொறியியல் சாதனை என்று கேட்டவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். கேட்காதவர்களுக்கு இன்னும் விரிவாக.

இந்த டென்மார்க் ஊருக்கு அகதியாக வந்த சனத்தின் கோயில் ஓரிடத்தில் நின்றதில்லை. முதலில் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம். பிறகு ஒரு தளபாடக் கடையின் நிலவறை. பிறகு வேறொரு சபைக்காரரின் கூடம், ஞாயிறு இரண்டு முதல் நாலு வரை. எழும்பச் சொன்னால் எழும்பினார்கள்.

அந்தோனியார் உருண்டு வந்தார்.

இந்தச் சின்ன ஆலயத்தைச் சொந்தமாக வாங்கி ஏழு வருடங்கள்.

சில்லைக் கழற்ற மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்று காலை வந்து பார்த்தபோது வெளிச்சுவரில் கறுப்பு நிறத்தில், ஆளுயர டேனிஷ் எழுத்தில் இருந்தது.

உங்கள் நாட்டுக்குப் போங்கள்.

எழுதிய கையோடு ஒரு ஜன்னலையும் உடைத்திருந்தார்கள். பொலிஸ் வந்து படம் எடுத்துக்கொண்டு போனது. அதன் பின்னால் கோயில் சபைத் தலைவர் சந்தியாப்பிள்ளை வந்தார். தன் வான் வண்டியை விட்டு இறங்க முன்னரே முடிவெடுத்துவிட்டார்.

"எங்களுக்கேன் சோலி? பூசை முடிய அந்தோனியாரை என்ர கராஜுக்குக் கொண்டுபோவம். இதை வித்துப்போட்டு வேற இடம் பாப்பம்."

ஒருவரும் மறுக்கவில்லை. மறுத்துப் பழக்கமில்லை.

எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவர், அந்தச் சில்லுகளைப் பூட்டியவர். அப்போது ஒன்றும் வரவில்லை. தன் காருக்குப் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார்.

முதல் திருகாணி கழன்றபோது, சுவரை உரஞ்சிக்கொண்டிருந்த பெண்கள் தண்ணீர் எடுக்க உள்ளே வந்தார்கள். முன்னால் அவருடைய மனைவி எமில்டா, கையில் வாளி.

கணவர் எப்போதும் கடைசி வரிசை வாங்கிலேயே இருந்து பழகியவர். முழந்தாளிடும் நேரமெல்லாம் முழங்கால் வருத்தம் சொல்பவர். அவர் இன்று பீடத்தடியில், தலை குனிந்து.

எமில்டா வாளியைக் கீழே வைத்தாள்.

முழந்தாளிட்டாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும்.

செபமாலை தொடங்கிவிட்டது.

அவருக்கு இனி எழும்பவும் முடியாது. விளக்கவும் முடியாது. ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபத்துக்கு ஒரு திருகாணி என்று போனது.

முன் மூலை ஒன்று 'டொக்' என்று இறங்கியது. பிறகு மற்றது. அந்தோனியார் மெல்ல முன்னால் சரிந்து, சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பவர்போல நின்றார்.

பின்னால் செபம் ஒரு கணம் நின்றது.

"என்ர அந்தோனியாரே" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி விம்மினாள்.

விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் அவர் இடது கையால் புனிதரின் கால்களைக் கட்டிப்பிடித்தார். விம்மல் அழுகையானது. அவர் முகத்தை அங்கியின் மடிப்பில் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

சிரிப்புத்தான்.

பாதிவரை.

எட்டாவது திருகாணியும் வந்தது. அந்தோனியார் நிமிர்ந்தார். நான்கு விரல் குட்டையாகி, தரையில்.

பூசை முடிந்தது. சந்தியாப்பிள்ளை தன் வான் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தார். வாகாகக் கால்களை அகட்டி நின்று அந்தோனியாரைத் தள்ளினார்.

இன்னொரு முறை தள்ளினார்.

பிரேக் போட்டிருக்கிறதோ என்று குனிந்து, வெறும் மூலையைத் தடவினார்.

"என்ன ஐசே இது? சில்லு எங்க?"

சில்லைக் கழற்றியவர் உடைந்த ஜன்னலைப் பார்த்தார். கோட்டுப் பைகள் இரண்டும் பிதுங்கி நின்றன.

எமில்டா அந்தப் பைகளைப் பார்த்தாள். பிறகு சனத்தின் பக்கம் திரும்பினாள்.

"தூக்கிறதெண்டால் ஆறு பேர் வேணும். ஆரெல்லாம் வாறியள்?"

நாற்பது பேர் நின்றார்கள்.

நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் இடுப்பு வருத்தம் வந்தது. போன மாதம்தான் கலியாண வீட்டில் விடியும்வரை ஆடிய யோகநாதன்கூட முதுகைப் பிடித்துக்கொண்டு வாங்கில் இருந்துவிட்டான்.

சந்தியாப்பிள்ளை எல்லோரையும் பார்த்தார். அந்தோனியாரைப் பார்த்தார். முதன்முறையாக இருவரும் ஒரே உயரத்தில் இருந்தார்கள்.

பிறகு தன் கோட்டைக் கழற்றி ஒரு வாங்கில் போட்டார். சேர்ட் கையை மடித்தார். எமில்டாவின் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

சற்று நேரத்தில் சுவரில் பிரஷ் உரசும் சத்தம் கேட்டது.

எமில்டாவின் கணவர் கேட்டுக்கொண்டு நின்றார். கோட்டுப் பைக்குள், பெருவிரலின் அடியில், ஒரு சில்லு எங்கும் போகாமல் சுழன்றுகொண்டிருந்தது.